கண்ணாடி இழையில் என் விரல் தடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் முதலில் வெட்கம் வரும், அப்புறம் சிரிப்பு வரும், கடைசியில் கொஞ்சம் கர்வமும் வரும். மூன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பட்டறை என்றதும் சம்மட்டி அடிக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் செய்வது சூட்டை அளக்கும் கருவிகள். இரும்பு உருக்கும் இடம், செங்கல் சூளை, மருந்து கம்பெனி என்று எங்கே சூடு இருக்கிறதோ அங்கே எங்கள் கம்பி ஒன்று உள்ளே போயிருக்கும். இரண்டு வகை உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்து, மெல்லிய எஃகுக் குழாய்க்குள் நுழைத்து, வாயை அடைத்துக் கொடுப்போம். அப்போதைக்குப் பதினான்கு வருடமாக அந்தக் கம்பியை நுழைப்பதுதான் என் வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, என் கை அப்படி. மற்றவர்கள் நான்கு முடிக்கும் நேரத்தில் நான் ஏழு முடிப்பேன். யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் முதலாளி என்னைக் காட்டி, "இந்தம்மா கை பட்டா போதும் சார்" என்பார். நான் ஒன்றும் காதில் விழாதவள் மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு புதிய வேலை வந்தது. கேட்டவர்கள் அணு உலை சம்பந்தமான ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள். மிக அதிகச் சூட்டில் ஓடும் ஒரு வகை அணு உலைக்காக அவர்கள் சோதனைகள் செய்துகொண்டிருந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் சாதாரணக் கம்பி நாளாக நாளாகக் கணக்குத் தப்பிவிடுமாம். கதிர்வீச்சு பட்டுப் பட்டு உலோகத்தின் குணமே மாறிவிடுமாம். அதனால் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை. தலைமுடி கனம்தான் இருக்கும். அதற்குள் ஒளியை அனுப்பினால், உள்ளே இருக்கும் சூட்டுக்கு ஏற்ப அது கொஞ்சம் மாறித் திரும்பி வரும். அந்த மாற்றத்தை வைத்து எத்தனை டிகிரி என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அதிலும் ஒரே இழையில் எட்டு இடத்தில் அளக்கலாம். ஒரு கம்பிக்கு ஒரு இடம் என்றே பழகிய எனக்கு, முதல் நாள் திரையில் எட்டு எண் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் வாய் பிளந்துவிட்டது.

இந்த வேலைக்கென்று ஒரு எஞ்சினியர் பெண்ணை முதலாளி புதிதாகச் சேர்த்தார். பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. தலையில் ஸ்கார்ஃப், தோளில் ஒரு பெரிய பை, அதற்குள் ஓயாத புத்தகங்கள். எந்த இழை வாங்க வேண்டும், எங்கிருந்து வாங்க வேண்டும் என்று முடிவு செய்தது அவள்தான். குழாய்க்குள் நுழைப்பது மட்டும் என் கையில் கொடுக்கப்பட்டது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. மரியாதையாகத்தான் பேசுவாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "அக்கா, கிளவுஸ் போட்டுக்கோங்க அக்கா. வெறுங்கையால இழையத் தொடவே கூடாது அக்கா." இப்படி ஒரு நாளைக்கு நாற்பது அக்கா. பதினான்கு வருடம் கம்பி நுழைத்தவளுக்கு நேற்று வந்தவள் கை பிடிக்கச் சொல்லித் தருகிறாளே என்று எனக்குள் புகைந்தது.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மேஜை டிராயரில் ஒரு சின்ன டப்பாவில் விபூதி இருக்கும். காலையில் வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வேன். மிச்சத்தைத் தட்டிவிட மாட்டேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்த்துக்கொள்வேன். நம் ஊர் வியர்வையைத்தான் தெரியுமே. மெல்லிய கம்பி கையில் வழுக்கும். விபூதி தேய்த்த விரலுக்கு வழுக்காது. சாமியும் துணை, பிடியும் கெட்டி. பதினான்கு வருடமாக என் கைராசியின் ரகசியமே அதுதான். யாரிடமும் சொன்னதில்லை.

இழை வேலையை ஒரு கண்ணாடி அறைக்குள் செய்ய வேண்டும். இழையின் மேல் ஒரு பிளாஸ்டிக் தோல் இருக்கும். சூட்டில் அது எரிந்துபோகும் என்பதால் முதலிலேயே உரித்துவிட வேண்டும். உரித்தபின் ஸ்பிரிட்டால் துடைத்து, வெறும் கண்ணாடியாகக் குழாய்க்குள் தள்ள வேண்டும். உரிப்பதையும் துடைப்பதையும் அவள் எதிரில் கிளவுஸ் போட்டுச் செய்தேன். தள்ளும் நேரம் வந்ததும் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கிளவுஸுக்குள் இருக்கும் விரலுக்கு அந்த இழை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் போன் பேச வெளியே போன சமயம், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளவுஸைக் கழற்றினேன். காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்த விபூதியை விரலில் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் ஒன்றரை மீட்டர் இழையும் உள்ளே போய்விட்டது. திரும்பி வந்தவள், "சூப்பர் அக்கா!" என்று கை தட்டினாள். நானும் மறுபடி கிளவுஸை மாட்டிக்கொண்டு சிரித்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் சொல்லியிருந்தது இதுதான்: மூன்று சாம்பிள் வரை பார்ப்போம். ஏதாவது ஒன்று தொள்ளாயிரம் டிகிரியில் மூன்று நாள் தொடர்ந்து நிற்க வேண்டும். மூன்றாவதும் நிற்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம்.

முதல் சாம்பிளை எங்கள் பட்டறை உலையிலேயே வைத்தோம். முதல் நாள் எட்டு எண்ணும் அழகாக நின்றன. இரண்டாம் நாள் மதியம் ஒளி மங்க ஆரம்பித்தது. சாயங்காலம் டீ வருவதற்குள் எல்லா எண்ணும் போய், திரை வெறுமையாகிவிட்டது. இழை உள்ளே ஒடிந்திருந்தது.

இரண்டாவது சாம்பிளை இன்னும் கவனமாகச் செய்தேன். கவனம் என்றால், விபூதியைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துக்கொண்டேன்! அன்று ஆடி வெள்ளி வேறு. அதுவும் இரண்டாம் நாளே போய்விட்டது. முதல் சாம்பிளைவிட மூன்று மணி நேரம் முன்னாலேயே போனது.

முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. அவர் கோபம் நேராக அந்தப் பெண் மேல் போனது.

"இன்னாம்மா பொருள் வாங்கின நீ? அவ்ளோ தூரத்துலேர்ந்து வரவச்சி, ரெண்டு நாளு நிக்கல. கேட்டா படிச்சிகீறேன், புக்குல கீதுன்ற!"

"இழை நல்ல இழைதான் சார். வேற என்னமோ நடக்குது. ஒரு வாரம் டைம் குடுங்க சார்" என்றாள் அவள். 

"கம்பிய நுழைச்சது யாரு? இந்தம்மா. இவங்க கையில ஒண்ணு தப்பாப் போயி நான் பாத்ததே இல்ல. அப்போ தப்பு எங்க கீது? நீயே சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கம்பிச் சுருளைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. பெரிய படிப்பு படித்தாயே, இப்போது பார்த்தாயா என்று மனசு கொக்கரித்தது.

முதலாளி இழை விற்ற கம்பெனிக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுத முடிவு செய்தார். அத்தாட்சியாக ஒடிந்த இழைத் துண்டுகளை அனுப்ப வேண்டும் என்று இரண்டு சாம்பிள் குழாய்களையும் என்னிடம் கொடுத்து அறுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணிடம், இந்த மாதத்தோடு வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டதாக அக்கவுண்ட்ஸ் பெண் என் காதில் ஓதினாள்.

குழாயை நீளவாக்கில் அறுத்து, உள்ளே இருந்த துண்டுகளை இடுக்கியால் எடுத்து, ஒரு கறுப்புக் காகிதத்தில் வரிசையாக வைத்தேன். இழை பளிச்சென்று தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நடுநடுவே வெள்ளையாக, சுண்ணாம்பு பூத்த மாதிரி புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புள்ளி இருக்கும் இடத்தில்தான் ஒடிந்திருக்கிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருந்தது. இயற்கையாகக் கெட்டுப்போன பொருள் இப்படி அளவெடுத்துக் கெடுமா என்று யோசித்தேன். இரண்டாவது சாம்பிளைப் பார்த்தால் அதிலும் அதே தூரம். புள்ளிகள் மட்டும் இன்னும் பெரிதாக இருந்தன.

எதற்கென்று தெரியாமலே என் கையைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தேன். இழையை நான் ஒரு தடவை பிடித்தால், நாலு விரல் அகலம் தள்ளிவிட்டு, மறுபடி பின்னால் பிடிப்பேன். பதினான்கு வருடமாக அதே அளவு. அதில் மயிரிழை மாறாது. அந்த வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றும் நான் பிடித்த இடத்தில் இருந்தன.

  அந்தக் காகிதத்தை மடித்து டிராயருக்குள் வைத்தேன். திறந்தால் விபூதி டப்பா. டிராயரைப் படாரென்று மூடினேன்.

அன்று பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறியது தெரியும், திருநின்றவூரில் இறங்கியது தெரியும். நடுவில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சாப்பாடு போடும்போது அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ இன்னா வேணும்னா பண்ணே? வுடு. உனுக்கும் எனுக்கும் மட்டும்தான தெரியும். அப்பால கிளவுஸ் போட்டு செஞ்சிட்டுப் போ" என்றார்.

"அப்போ அந்தப் பொண்ணு?"

"அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு. வேற எங்கனா வேல கெடைக்கும். அவ்ளோதான்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பெண்டாட்டி தலைகுனியக் கூடாது என்று நினைத்தார். ஆனால் அந்த 'அவ்ளோதான்' எனக்கு முள்ளாகக் குத்தியது. கைராசிக்காரி என்ற பெயர் எனக்கு எவ்வளவு முக்கியமோ, அந்தப் பெண்ணுக்கு அவள் பெயரும் அவ்வளவு முக்கியம்தானே? எனக்கு அந்தப் பெயர் வரப் பதினான்கு வருடம் ஆயிற்று. அவளுக்கு முதல் வேலையிலேயே கெட்ட பெயர். நான் வாயைத் திறக்காவிட்டால் கடைசி வரை அவளுக்கே தெரியாது, தன் மேல் தப்பில்லை என்று. அதை நினைத்ததும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி அறைக்குப் போனேன். அவளையும் கூப்பிட்டேன். கறுப்புக் காகிதத்தை மேஜையில் விரித்தேன். பக்கத்தில் விபூதி டப்பாவை வைத்தேன்.

"இழ நல்லாத்தான் கீது சார். நான்தான் கெடுத்தேன். கிளவுஸக் கழட்டிட்டு, இத்தத் தேச்சிக்கினு தள்ளினேன்" என்றேன்.

முதலாளி டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்! "இன்னாம்மா, இந்தப் பொண்ணு வேலைய காப்பாத்த டிராமா போடறியா? விபூதி பட்டு யாருக்காவது கெடுதல் வந்துகீதா? போம்மா, போய் வேலயப் பாரு."

பாருங்கள் என் நிலைமையை! பொய் சொன்னால் நம்புகிறார்கள், உண்மையைச் சொன்னால் டிராமாவாம். அந்தப் பெண்ணோ கோபத்தில் சிவந்து நின்றாள்.

"ஏன் அக்கா அப்பவே சொல்லல? ரெண்டு வாரமா என் புத்தி சரியில்லையோன்னு நானே நெனைக்க ஆரம்பிச்சிட்டேன் அக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த அக்காவில் மரியாதை இல்லை, வலி இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

"சார், நம்பலன்னா போங்க. நானே காட்றேன்" என்றேன்.

மிச்சம் கிடந்த இழையில் இரண்டு துண்டு எடுத்தேன். தோலை உரித்தேன். ஒன்றை அவள் கிளவுஸ் போட்டுத் துடைத்து, ஒரு குழாயில் வைத்தாள். இன்னொன்றை நான் விபூதி தேய்த்த விரலால், வழக்கம்போல நாலு விரல் அகலம் விட்டுப் பிடித்து, இன்னொரு குழாயில் தள்ளினேன். எது யாருடையது என்று குழாயில் எழுதி, இரண்டையும் ஒரே உலையில் வைத்தோம். என் தப்பை நிரூபிக்க நானே சாட்சி தயார் செய்துகொண்டிருந்தேன். பட்டறையே வேடிக்கை பார்த்தது.

இரண்டு நாள் கழித்து உலையை ஆறவிட்டு எடுத்தோம். அவள் துடைத்து வைத்த துண்டு கண்ணாடியாகவே இருந்தது. என் துண்டை இடுக்கியால் தூக்கினேன். வெள்ளை பூத்த முதல் இடத்திலேயே பட்டென்று ஒடிந்து மேஜையில் விழுந்தது. முதலாளி அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். 

"சாம்பல்ல உப்பு மாதிரி ஒரு சத்து இருக்கு சார். அவ்வளவு சூட்டுல அது கண்ணாடியைக் கல்கண்டு மாதிரி மாத்திடும். அப்புறம் அது தாங்காது" என்று அவள் விளக்கினாள். நான் முகம் சுருங்கி நிற்பதைப் பார்த்தாளோ என்னவோ, என் பக்கம் திரும்பி, "விபூதின்னு இல்ல அக்கா. வேர்வை பட்டாலும் இதான். நான் பூசிக்கிற அத்தர் கையில இருந்தாலும் பாழாத்தான் போகும்" என்றாள். அவ்வளவு கோபத்திலும் என் சாமியை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று பார்த்துப் பேசினாளே, அந்த நாளிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கும்.

முதலாளி அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இழைக் கம்பெனிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். "மூணாவது யாரு செய்யப்போறது?" என்று மட்டும் கேட்டார்.

நான் பின்வாங்கினேன். என் கையே எனக்குப் பயமாக இருந்தது. "அவுங்களே செய்யட்டும் சார்" என்றேன்.

"நான் தள்ளினா ஒரு ஜாண் போறதுக்குள்ள ஒடிச்சிடுவேன் சார். அக்காதான் செய்யணும்" என்றாள் அவள். என்னைப் பார்த்து, "ஆனா கிளவுஸோட" என்றாள். இந்த முறை அக்கா என்ற வார்த்தையே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் மருந்துக் கடைகளில் அலைந்து, டாக்டர்கள் போடும் மெல்லிய கிளவுஸாக, பவுடர் போடாததாகப் பார்த்து வாங்கி வந்தாள். நான் பழக ஆரம்பித்தேன். மிச்சம் கிடந்த இழைத் துண்டுகளைப் பழைய குழாயில் தள்ளிப் பார்ப்பது, ஒடிவது, மறுபடி தள்ளுவது. முதல் நாள் பதினோரு துண்டு ஒடிந்தது. பதினான்கு வருட விரல் பிறந்த குழந்தையின் விரலாகிவிட்டது. வீட்டிலும் கிளவுஸ் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். "ஆப்ரேஷன் எப்போ டாக்டரம்மா?" என்று வீட்டுக்காரர் கலாய்த்தார். "மொதல்ல உன் வாய்க்குத்தான் தையல்" என்றேன். நான் உண்மையைப் போட்டுடைத்ததில் அவருக்கு முதலில் வருத்தம்தான். ஆனால் தினமும், "இன்னிக்கு எத்தினி ஒடிச்சே?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். ஐந்தாம் நாள், ஸ்டேஷனிலிருந்து அவர் ஆட்டோவில் வரும்போது, "ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் ஆட்டோவை நிறுத்திவிட்டு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது சாம்பிள் செய்த அன்று காலை நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டேன். அப்புறம் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினேன். சாமி நெற்றியில் இருக்கட்டும், விரலில் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். பத்து நிமிட வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவள் எதிரில் மூச்சுவிடாமல் நின்றாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டாமல், அவளைப் பார்த்து உட்கார்ந்தே முழு இழையையும் தள்ளி முடித்தேன்.

இந்த முறை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்தார். அளந்து பேசும் மனிதர். மூன்று நாளும் பகலில் வந்து எங்கள் பட்டறையிலேயே உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டிருந்தார். முதல் நாள் போயிற்று. எங்களுக்கு இரண்டு முறை கண்டம் வந்த இரண்டாம் நாளும் போயிற்று. ஒளி கொஞ்சமும் மங்கவில்லை. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடப் பயந்தோம், கண் பட்டுவிடுமோ என்று.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். இன்னும் நான்கு மணி நேரம்தான். திடீரென்று முதல் எண் இறங்க ஆரம்பித்தது. தொள்ளாயிரத்தில் இருந்தது எண்ணூற்றி எழுபது, அப்புறம் எண்ணூற்றி ஐம்பது. இரண்டாவது எண்ணும் பின்னாலேயே இறங்கியது. உலைக்கு நடுவில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பழைய கம்பி மட்டும் ஆடாமல் தொள்ளாயிரம் காட்டியது. அதிகாரி அந்தக் கம்பியின் மீட்டரைப் பார்த்தார், எங்கள் திரையைப் பார்த்தார், நோட்டை மூடினார். முதலாளி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சா?" என்றார்.

அவள் கீபோர்டில் எதையோ தட்டிப் பார்த்தாள். "ஒளி குறையவே இல்ல சார். இழை நல்லாதான் இருக்கு" என்றாள். ஆனால் குரலில் தெம்பு இல்லை.

வேறு நாளாக இருந்தால் நானும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். அன்று அப்படித் தோன்றவில்லை. அந்த இழையில் ஒவ்வொரு நாலு விரல் அகலத்துக்கும் நான் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மறைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு ஒரு தைரியம் வரும், பாருங்கள், அது வந்தது. இழை பொய் சொல்லவில்லை என்றால், அது சொல்வது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? உண்மையிலேயே அந்த இடத்தில் சூடு குறைகிறது!

"மொதல் எண்ணும் ரெண்டாவதும் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"உலை வாய்ப் பக்கம் அக்கா."

ஓடினேன். உலையின் வாய் சுவரைப் பார்த்து இருக்கும். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. வாயை அடைத்து வைத்திருந்த, சூடு தாங்கும் பஞ்சு பாதிக்கு மேல் நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் சூட்டில் அதைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்துவிட்டது. உள்ளே இருந்த சூடு முகத்தில் அடித்தது. தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு பஞ்சை உள்ளே அழுத்தி, புதுக் கிளிப் போட்டு இறுக்கினேன்.

"ஏறுது அக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். எண்ணூற்றி அறுபது, எண்பது, தொள்ளாயிரம். எட்டு எண்ணும் மறுபடி ஒரே வரிசையில் நின்றன. நடுவில் இருந்த பழைய கம்பிக்கு இவ்வளவும் நடந்ததே தெரியவில்லை. அது பாட்டுக்கு அதே தொள்ளாயிரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அளந்து பேசும் அந்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "உள்ள ஏதோ ஒரு மூலையில சூடு மாறினாலும் எங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் இதைத் தேடி இவ்வளவு தூரம் வந்தோம். நீங்க வேணும்னு செஞ்சு காட்டியிருந்தாக்கூட இவ்வளவு நல்லா இருந்திருக்காது" என்றார். முதலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டார்.

மூன்று மணிக்கு மூன்று நாள் கணக்கு முடிந்தது. முடிந்தும் நாங்கள் உலையை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நாள் ஓடட்டும் என்று அதிகாரியே சொன்னார். அதுவும் ஓடியது.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது அவர் கேட்டார்: "முதல் ரெண்டு சாம்பிள் ஏன் போச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதணுமே, என்ன காரணம்?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "அது வந்து சார், ஆரம்பத்துல சின்னச் சின்ன..." என்று இழுத்தார். என்னைக் காப்பாற்றத்தான் இழுத்தார், பாவம். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது.

"என் கையால போச்சி சார்" என்றேன். விபூதி, கிளவுஸ், நாலு விரல் அகலம், வெள்ளைப் புள்ளி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். 

அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்தார். "அந்த நாலு விரல் விஷயத்தை இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்கம்மா" என்றார். ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டார். "இதை நீங்க தனியா ஒரு பக்கமா எழுதிக் குடுங்க. எங்க லேப்ல இழையைத் தொடற எல்லாரும் முதல்ல இதைத்தான் படிக்கணும்" என்றார்.

எழுதியது அந்தப் பெண். சொல்லச் சொல்ல எழுத வைத்தவள் நான். "உங்க பேரப் போடட்டுமா அக்கா?" என்று கேட்டாள். "போடு" என்றேன். வேலை எங்களுக்கே கிடைத்தது. இப்போது அந்தக் கண்ணாடி அறையில் என்னோடு சேர்த்து ஆறு பெண்கள் உட்காருகிறோம். அவள்தான் அதற்கெல்லாம் மேலே. நான் ஏதாவது சொன்னால் "சரி அக்கா" என்பாள், அவள் சொன்னால் நான் "சரி மேடம்" என்று அவளைச் சீண்டுவேன்.

பதினான்கு வருடம் என் கையை ஊரே புகழ்ந்தது. அதில் ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை. என் பெயர் முதன்முதலாக ஒரு காகிதத்தில் அச்சாகி, முகம் தெரியாத யாரோ ஒருவரின் வேலை கெடாமல் காத்துக்கொண்டிருக்கிறது என்றால், அது நான் செய்த தப்பை நானே வாய்விட்டுச் சொன்னதற்காகத்தான்.